அரசுப் படகில் குட்டநாடு

ஆலப்புழை கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையத்தில் இறங்கினால் படகுத்துறை கூப்பிடு தூரம்தான். ரயிலில் வருபவர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் உண்டு. ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் வெறுமனே "போட்" என்று சொல்லிவிடாதீர்கள். கையில் பெட்டி, முகத்தில் வெளியூர்க்களை இரண்டையும் பார்த்ததும் ஹவுஸ்போட்கள் வரிசை கட்டி நிற்கும் புன்னமடைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். "கவர்மென்ட் போட் ஜெட்டி" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

ஹவுஸ்போட்டை நான் குறை சொல்ல வரவில்லை. வயதானவர்களும் கைக்குழந்தையும் சேர்ந்த குடும்பம் என்றால் அதுதான் வசதி. ஆனால் அதில் போனால் ஊர் எதையும் பார்க்க முடியாது. எல்லா ஹவுஸ்போட்டும் ஏறக்குறைய ஒரே சுற்றுதான் சுற்றும். மீனவர்கள் வலை விரிக்க வேண்டும் என்பதால் பொழுது சாயும் நேரத்தில் கரையோரம் கட்டிப்போட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. அதற்குப் பிறகு நீங்கள் வாடகை கொடுத்திருப்பது, நின்ற இடத்தில் நிற்கும் ஒரு ஏ.சி. அறைக்கு.

கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-இல் தொடங்கப்பட்டது, தலைமையகமே ஆலப்புழைதான். அதன் படகுகள் குட்டநாட்டுக்காரர்களுக்கு டவுன் பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரேஷன் கடைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி, தாலுகா ஆபீசில் கையெழுத்து வாங்கப் போகிறவர் எல்லாரும் இதில்தான். கட்டணமும் பஸ் கட்டணம் போலத்தான். ஆலப்புழையிலிருந்து கோட்டயம் வரை இரண்டரை மணி நேரம் போனாலும் ஐம்பது ரூபாய் நோட்டை மாற்றினால் மீதி வரும். பயணிகளுக்கென்றே அதே துறை "வேகா", "சீ குட்டநாடு" என்ற படகுகளையும் விடுகிறது. ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களுக்கு அவை நல்லவை. இந்த அத்தியாயம் சாதாரணப் படகில் இரண்டு நாள் போகிறவர்களுக்கு.

எந்த மாதம்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் வயல்கள் விளைந்து அறுவடை நடக்கும். வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும். டிசம்பர் நடுவிலிருந்து கோடை வரை தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை மூடிவைப்பது வழக்கம். கடலின் உப்புத்தண்ணீர் ஏறிவந்து நெல்லைக் கெடுக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. நெல்லுக்கு நல்லது, காயலுக்கு நல்லதா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. தண்ணீர் ஓட்டம் குறைவதால் ஆகாயத்தாமரை மண்டும், சின்னக் கால்வாய்களில் படகு திணறும். நீங்கள் போகும் படகு நடுவழியில் நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தால் பயப்பட வேண்டாம். காற்றாடியில் சிக்கிய பாசியை உதறுகிறார்கள்.

ஜூன், ஜூலை மழையைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் உண்டு. வரலாம், திட்டத்தை மட்டும் இறுக்கிப் போடாதீர்கள். தண்ணீர் ஏறினால் தாழ்வான பாலங்களின் அடியில் படகு நுழைய முடியாது. அப்போது வழி பாதியில் முடியும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடு ஏறக்குறைய முழுதுமாகக் காலியானது. ஆலப்புழை–சங்கனாசேரிச் சாலை தண்ணீருக்குள் போய்விட, ஜனங்களை வெளியே கொண்டுவந்ததில் இந்தப் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளம் வடிந்த வாரங்களில் எலிக்காய்ச்சல் பயம் இருக்கும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

இன்னொன்று, ஹர்த்தால். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் படகும் நிற்கும். முந்தின நாள் விடுதிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏறும்போது

ஜெட்டியில் நிற்கும்போது, "கவர்மென்ட் போட் இப்ப இல்ல சார், அடுத்தது மூணு மணி நேரம் ஆகும்" என்று யாராவது வந்து சொல்வார். தனியார் படகுக்கு ஆள் பிடிப்பவர். சிரித்துவிட்டு நேரக் காப்பாளர் அறைக்குப் போங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறும் என்பதால் இங்கே அச்சிடவில்லை. எந்த ஊருக்குப் போக வேண்டும், திரும்பிவர கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "நெடுமுடிக்குள்ள போட்டு ஏதா?", "லாஸ்ட் போட்டு எத்ர மணிக்கா?" இந்த இரண்டு வாக்கியம் போதும். முன்னால் ஒரு "சேட்டா" சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் பெரும்பாலும் தமிழிலேயே வரும். படகின் நெற்றிப் பலகையில் மலையாளம்தான் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் ஏறுமுன் கேட்டுவிடுவதே மேல். பக்கத்துப் பக்கத்தில் மூன்று படகுகள் நிற்கும், மூன்றும் மூன்று திசை.

ஐந்து பேர் ஓட்டும் வண்டி இது. டிக்கெட் கிழிப்பவர் போட் மாஸ்டர். முன்னால் சுக்கான் பிடிப்பவர் சிராங்கு. அவருக்கு எஞ்சின் எட்டாது; மணிக்கயிற்றை இழுத்துச் சைகை கொடுப்பார், எஞ்சின் பக்கம் இருக்கும் டிரைவர் அதைக் கேட்டு வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். லஸ்கர்கள் இருவர் கயிறும் கழியுமாக ஓரங்களில் நிற்பார்கள். ஒரு துறையை நெருங்கும்போது லஸ்கரைக் கவனியுங்கள். படகு கரையைத் தொடும் முன்னாலேயே தாவி, தூணில் கயிற்றை ஒரு சுற்று சுற்றி, கட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அரை நிமிஷத்துக்குள் பத்துப் பேர் இறங்கி எட்டுப் பேர் ஏறி, ஒரு கேஸ் சிலிண்டரும் ஏறியிருக்கும். கயிறு விடுபடும், மணி அடிக்கும், படகு எதிர்க்கரைத் துறைக்குக் குறுக்கே போகும். அங்கேயும் இதே கதை. இந்த வேகத்துக்கு நீங்கள் ஈடுகொடுக்க வேண்டும். சக்கர சூட்கேஸ் இங்கே உதவாது, முதுகுப்பையே சரி. உங்கள் துறை வருவதற்கு ஒரு துறை முன்னாலேயே எழுந்து வாசல் பக்கம் வந்துவிடுங்கள். கால் வைக்கும்போது படகின் விளிம்பில் வைக்காமல் நேராகக் கரையில் வையுங்கள்.

எஞ்சினுக்கு முன்னால் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் கோட்டயம் போய்ச் சேர்ந்த பிறகும் காதில் அது ஓடிக்கொண்டே இருக்கும். காலையிலும் சாயங்காலமும் பள்ளி நேரத்துப் படகுகளைத் தவிர்க்கலாம். உங்கள் பை ஒரு பிள்ளையின் இடத்தைப் பிடிக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசுத் தேர்வு எழுதப் போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அதை நினைத்து யாரும் படகில் ஏறாமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நெரிசலான படகு வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு நில்லுங்கள். உங்களுக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடவில்லை. ஏறியதும் உயிர்காப்பு உடுப்பு எங்கே தொங்குகிறது என்று ஒரு பார்வை பாருங்கள். போட்டோ எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் சாய வேண்டாம்.

முதல் நாள்: பம்பையோடு உள்ளே

காலையில் நெடுமுடிப் படகைப் பிடியுங்கள். பஸ்ஸில் அரை மணிக்குள் போகிற ஊருக்குப் படகு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நகரத்துக் கால்வாயை விட்டுப் புன்னமடைக்கு வந்ததும் தண்ணீர் விரியும். நேரு கோப்பைப் படகுப்போட்டி நடப்பது இங்கேதான். 1952-இல் நேரு வந்தபோது அவருக்காக நடத்திய போட்டியில் தொடங்கியது அது. போட்டி நாளில் இந்தப் பக்கம் சாதாரணப் பயணத்தை மறந்துவிடுங்கள்.

அதற்கப்புறம்தான் பார்க்க வேண்டியது வருகிறது. படகின் ஜன்னலில் சாய்ந்து வரப்புக்கு அந்தப் பக்கம் பாருங்கள். வயல் கீழே இருக்கும், நீங்கள் மேலே இருப்பீர்கள். ஆற்றுத் தண்ணீரைவிட நெல் ஆளுயரம் தாழ்வில் நிற்கும். நடுவே ஒரு மண்கரை, அதன்மேல் தென்னை, ஓர் ஒற்றையடிப் பாதை, வரிசையாக வீடுகள். வீட்டின் முன்வாசல் ஆற்றைப் பார்க்கும், கொல்லை வயலைப் பார்க்கும். கடல் மட்டத்துக்குக் கீழே, இடத்துக்கு இடம் இரண்டு மீட்டர் வரை தாழ்வில் இங்கே பயிரிடுகிறார்கள். 2013-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இதை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. கரையோரத்தில் ஆங்காங்கே ஒரு கொட்டகையும், மரப்பெட்டி போன்ற நீள வாயிலிருந்து ஆற்றில் பாயும் தண்ணீரும் தெரியும். அது "பெட்டியும் பறையும்" என்கிற இறைப்பு ஏற்பாடு. வயலிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் பம்பு செட் போடுகிறோம். இங்கே வயலை வடியவைக்கத்தான் செலவு. டெல்டாக்காரர்கள் யாராவது உங்களோடு வந்தால் அவர்களுக்குப் பேச நிறைய இருக்கும். கரையில் நிற்பவரிடம் "உமா"வா என்று கேட்டுப் பாருங்கள். குட்டநாட்டில் பெரும்பாலும் பயிராகும் ரகம் அது. மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. அந்த மங்கொம்புதான், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் பூர்விக ஊர்.

வழியில் கைனகரிப் பக்கம் போகும் படகாக அமைந்தால் சாவறை பவனில் இறங்கலாம். 1805-இல் குரியாகோஸ் எலியாஸ் சாவறை பிறந்த வீடு. 2014-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. பழைய வீட்டை அப்படியே உள்ளே வைத்து, சுற்றிலும் கட்டடம் எழுப்பிக் காத்துவருகிறார்கள். கத்தோலிக்கர் இல்லாதவர்களும் அந்த மர வேலைக்காகப் பார்க்கலாம்.

நெடுமுடி சின்னக் கடைத்தெருதான். டீ, பழம்பொரி, பரிப்புவடை கிடைக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு "ஊணு" என்று எழுதிய இடம் பார்த்து உட்காருங்கள். மீன் குழம்பு தனியே கேட்காமலே வரும், சைவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குட்டநாட்டுக் கள்ளுக்கடைகளுக்குச் சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு வருகிறார்கள். கப்பையும் குடம்புளி போட்ட மீன் கறியும், வாத்துக் கறியும் அங்கே சாப்பிட வேண்டியவை. கரிமீன் பொள்ளிச்சது விலையைக் கேட்டபின் ஆர்டர் செய்யுங்கள். மீனின் அளவைப் பொறுத்து விலை ஏறும்; மெனு அட்டையில் அது இருக்காது.

நெடுமுடியிலிருந்து ஆற்றோடு மேலே போனால் சம்பக்குளம். ஆற்றங்கரையிலேயே மரியன்னை பசிலிக்கா. கி.பி. 427-இல் நிறுவப்பட்டது என்பது மரபு. இப்போதிருக்கும் கட்டடம் மிகப் பிற்பட்டது. உள்ளே மரத்தில் வரைந்த ஓவியங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மிதுன மாத மூல நட்சத்திரத்தன்று இங்கே நடக்கும் படகுப்போட்டி, நேரு கோப்பையைவிடப் பழையது. அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலின் விக்கிரகத்தைக் குறிச்சியிலிருந்து படகில் கொண்டுவந்த நிகழ்ச்சியை நினைவுகூர்வது அது. கூட்டம் குறைவு, கரை கிட்டத்தில். இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் சம்பக்குளத்தைச் சொல்வேன்.

புளிங்குன்னுக்குத் தமிழ்நாட்டு இளைஞர்கள் வருவதற்கு வேறொரு காரணம் உண்டு. "விண்ணைத்தாண்டி வருவாயா"வில் ஜெஸ்ஸி கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் தேவாலயம் அங்கே இருக்கிறது. பெரிய தேவாலயம், ஆற்றின் ஓரம், உயரமான படிகள். வழிபாடு நடக்கும் இடம் என்பதை ரீல்ஸ் எடுப்பவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. காவாலம் இன்னும் உள்ளே. சர்தார் கே.எம். பணிக்கரும் நாடகாசிரியர் காவாலம் நாராயண பணிக்கரும் பிறந்த ஊர். "பார்க்க" என்று பட்டியலிட அங்கே எதுவும் இல்லை. ஒரு துறையில் இறங்கி, கரைப்பாதையிலேயே அடுத்த துறை வரை நடந்து, அங்கே படகு ஏறுவதற்கு அதைவிட நல்ல ஊரும் இல்லை.

எடத்துவாவைப் பற்றித் தெற்குத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியில் கொடியேறி மே 7 வரை நடக்கும் புனித ஜார்ஜ் திருவிழாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அந்த நாட்களில் படகுப் பயணத்தை அதோடு சேர்க்காதீர்கள். தங்க இடம் கிடைக்காது.

கடைசிப் படகு

உங்கள் நாள் முழுவதையும் தீர்மானிப்பது இதுதான். சாயங்காலம் கடைசிப் படகு போய்விட்டால் சில ஊர்களில் அதோடு சரி. நெடுமுடி, மங்கொம்பு போன்றவை ஆலப்புழை–சங்கனாசேரிச் சாலையில் இருக்கின்றன. இருபத்து நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையை எல்லாரும் ஏ.சி. ரோடு என்பார்கள். படகை விட்டவர்கள் அங்கே பஸ் பிடித்து ஆலப்புழைக்கு வந்துவிடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கிப்போனவர்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. முதலில் கடத்து வள்ளம் பிடித்து ஆற்றைத் தாண்ட வேண்டும், பிறகு ஆட்டோ, பிறகுதான் பஸ். ஆகவே உள் ஊர்களை முற்பகலில் முடித்து, பிற்பகலில் சாலை உள்ள ஊருக்கு வந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்லது உள்ளேயே இரவு தங்குவது. நெடுமுடி, சம்பக்குளம், கைனகரிப் பக்கங்களில் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போது "எந்த ஜெட்டியில் இறங்க வேண்டும், அங்கிருந்து நடக்கலாமா, வள்ளம் வேண்டுமா" என்று கேளுங்கள். முகவரியை வைத்துக்கொண்டு தேடுவது இங்கே நடக்காது. துறையின் பெயர்தான் முகவரி. சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் குடிதண்ணீர் குட்டநாட்டில் அரிய பொருள். பல வீடுகளுக்கு அது வெளியிலிருந்து வருகிறது. வாளி வாளியாக ஊற்றிக் குளிக்காதீர்கள். இரவுக்குக் கொசுவத்தி, ஒரு டார்ச். கரைப்பாதையில் விளக்கு இல்லாத இடங்கள் உண்டு, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல்.

இரண்டாம் நாள்: காயலைத் தாண்டிக் கோட்டயம்

மறுநாள் ஆலப்புழைக்குத் திரும்பிக் கோட்டயம் படகு ஏறுங்கள். தேனி, கம்பம் பக்கத்திலிருந்து குமுளி வழியாக வருகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம். கோட்டயத்தில் தொடங்கி ஆலப்புழையில் முடிப்பது அவர்களுக்கு லாபம்.

இந்த வழியில் வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதியைத் தாண்டுவீர்கள். முதல் நாள் பார்த்தது ஆற்றங்கரை வயல். இங்கே காயலையே கரைகட்டி எடுத்த வயல்கள். சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று அவற்றுக்குத் திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெயர்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வரத்து நின்று திருவிதாங்கூரில் பஞ்சம் தலைதூக்கியபோது, அரசின் ஊக்கத்தோடு ஜோசப் முரிக்கன் இவற்றைக் கட்டி எடுத்தார். "காயல் ராஜா" என்று அவரைச் சொல்வார்கள். நடுக்காயலில் ஆட்கள் மூழ்கிச் சேறு அள்ளி, தென்னங்கட்டைகளை அடித்து இறக்கி, மூங்கில் தட்டி நிரப்பிக் கரை எழுப்பினார்கள். அந்த ராஜாவின் பெயர் நிற்கிறது; மூழ்கியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதியில்லை.

காயலைக் கடந்து கால்வாய்க்குள் நுழைந்ததும் தூக்குப்பாலங்கள் வரும். கரையில் ஒருவர் கயிற்றை இழுக்க, நடைபாலம் மேலே எழும்பும், படகு போகும், பாலம் இறங்கும். இந்தப் பாலங்களில் ஒன்று பழுதானாலும், கால்வாயில் பாசி அடைத்தாலும் படகு கோட்டயம் கோடிமதா துறை வரை போகாது. சில கிலோமீட்டர் முன்னால் காஞ்ஞிரத்தோடு நின்றுவிடும். டிக்கெட் வாங்கும்போதே "கோடிமதா போகுமோ?" என்று கேளுங்கள். காஞ்ஞிரத்தில் இறங்கினால் கோட்டயத்துக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருக்கும். ரயிலுக்கு முன்பதிவு செய்திருப்பவர்கள் அதற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இன்னும் அரை நாள் இருந்தால் கோட்டயத்திலிருந்து பஸ்ஸில் வைக்கம். 1924-25 சத்தியாகிரகத்துக்குப் பெரியார் வந்து சிறை சென்ற ஊர். அவருடைய நினைவகத்தைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தது. அதைப் பார்த்துவிட்டு வைக்கம் துறையில் தவணக்கடவுக்குப் படகு ஏறுங்கள். "ஆதித்யா" கிடைத்தால் விடாதீர்கள். 2017 ஜனவரியிலிருந்து ஓடும் சூரிய மின்சாரப் படகு, 75 பேர் உட்காரலாம், இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. முந்தின நாள் டீசல் எஞ்சினோடு கத்திப் பேசியவர்கள் இங்கே குரலைத் தணிக்க வேண்டியிருக்கும். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். தவணக்கடவில் இறங்கினால் சேர்த்தலைக்கு பஸ் உண்டு. சேர்த்தலையில் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்பதில்லை. உங்கள் வண்டி நிற்காது என்றால் அங்கிருந்தே எர்ணாகுளம் பஸ் ஏறிவிடுங்கள். ஆலப்புழைக்குத் திரும்பிப் போவது வீண்.